நரம்பு

"மார்ச் 11. ஆர்க்கிட் கன்றுகளைக் கட்டியதில் சிறு தவறு நேர்ந்துவிட்டது."

எழுதியதைப் பார்த்தாள். 'சிறு' என்ற சொல் உறுத்தியது, அடித்தாள். 'நேர்ந்துவிட்டது' என்றால் வேறு யாரோ செய்ததுபோல் இருந்தது. 'செய்துவிட்டேன்' என்று திருத்தினாள்.

கன்றுகள் அக்காவுடையவை. மண் கேட்காமல், மரத்தைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர்விடும் வகை. விரல் நீளம்கூட இல்லாத ஐந்தை ஆசையாக வாங்கிவந்து, தோட்டக்கலை மாலை வகுப்புக்குப் போகிறாளே என்று தங்கையான இவளிடம் கொடுத்திருந்தாள். "மரப்பட்டையில வச்சு நரம்பால கட்டுங்க, ஆடக் கூடாது" என்று வகுப்பில் ஆசிரியர் சொன்னதை அவள் சிரத்தையாகக் குறித்திருந்தாள். அக்காவின் கணவர் எலக்ட்ரீஷியன். வயரை உரித்தால் வரும் செம்பு இழைக்கு அந்த வீட்டில் நரம்பு என்றுதான் பெயர். அத்தானின் பையிலிருந்து அதை எடுத்து, கன்றுகளை இறுக்கிக் கட்டினாள்.

வேர் நுனிகள் கறுத்தன.

போன வார வகுப்பில் ஆசிரியர் தூண்டில் நரம்புச் சுருளைத் தூக்கிக் காட்டினார். "நரம்புன்னா இந்த நைலான்தான். செம்பு மட்டும் வேண்டாம். வேரையே கருக்கிடும்."

அன்றே அவிழ்த்திருக்கலாம். அவிழ்த்தால் ஏன் என்று கேட்பார்கள். பேசாமல் இருந்துவிட்டாள். அதற்குள் இரண்டு கன்றுகள் போய்விட்டன.

தண்ணீர் தெளித்துவந்த அக்காதான் நொந்துகொண்டாள். "என் கை பட்டா எதுவும் விளங்காது."

"அதான் தினமும் குழம்புல பாக்குறேனே," என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இப்போது, அவள் எழுதிக்கொண்டிருக்கையில், அக்கா பட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். "மிச்சத்தைக் கீழ்வீட்டுக்குக் குடுத்துடறேன். அவங்க கையிலயாவது பொழைக்கட்டும்."

"அக்கா, நில்லு. உன் கை இல்ல. நான் கட்டின கம்பி."

எல்லாவற்றையும் சொன்னாள், போன வாரமே தெரியும் என்பது உட்பட. அத்தானுக்குக்கூடக் கேலி வரவில்லை.

"ஒரு வாரமா என் கைய நானே திட்டிட்டிருக்கேன்," என்றாள் அக்கா. "பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுதானடி இருந்த?"

பட்டையை அவள் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் பேனாவை எடுத்தாள்.

"நாளை: செம்பை அவிழ்க்க வேண்டும். கறுத்த வேரை நறுக்கி, மூன்றையும் தூண்டில் நரம்பால் கட்ட வேண்டும். தண்ணீர் தெளிக்க அக்காவைக் கூப்பிட வேண்டும்."