நூறு வருஷ மழை

காலையிலிருந்தே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நகரத்தின் மழைநீர் வடிகால்களை வடிவமைக்கும் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. அதனால் வீட்டில் அவனுக்குச் 'சாக்கடை' என்று பெயர், வைத்தவள் அக்கா. ஜன்னலுக்குப் போவான், வானத்தைப் பார்ப்பான், திரும்பி வந்து கணினியில் ரேடார் படத்தைத் திறப்பான். படத்தில் ஒரு சிவப்புத் திட்டு நகர்வேனா என்று ஊரின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

அன்று காலைதான் கூட்டம் முடிந்திருந்தது. புதிய கால்வாய்க்கு எவ்வளவு மழையைக் கணக்கில் எடுப்பது என்பது பேச்சு. காற்று சூடாகிவிட்டது, சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், சுமந்ததை ஒரே மூச்சில் கொட்டும், தாத்தா காலத்து மழையை வைத்துப் போட்ட கணக்கு இனி உதவாது என்று அவன் வரைபடம் காட்டிப் பொறுமையாக விளக்கினான். மேலதிகாரி கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு, அருமையான விளக்கம் என்றார். பிறகு பழைய கணக்கிலேயே கையெழுத்துப் போட்டார். பாராட்டிக்கொண்டே குப்பையில் போடுவதில் அந்த அலுவலகத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆனால் அவனை ஜன்னலுக்கும் கணினிக்குமாக அலைய வைத்தது அந்தக் கையெழுத்து அல்ல, அக்கா. அவள் ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் தையல்கூடம் நடத்துகிறாள். சில வருடங்களுக்கு முன் அந்தத் தெரு முழுக்க வெள்ளத்தில் மூழ்கியது. அதன்பின் அந்த அடித்தளத்தை வாடகைக்கு எடுக்க ஒருவரும் வரவில்லை. அக்கா மட்டும், அது எப்பேர்ப்பட்ட மழைடா என்று தம்பியைக் கேட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, அது நூறு வருஷ மழை என்றான். அவன் தொழிலில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். எந்த வருடத்திலும் அப்படியொரு மழை பெய்ய நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பது அதற்கு அர்த்தம். அக்கா அதைப் பேருந்து நேரம் போல எடுத்துக்கொண்டாள். இப்போதுதான் ஒன்று போயிருக்கிறது, அடுத்தது வர நூறு வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டு, மறுவாரமே தையல் இயந்திரங்களைக் கீழே இறக்கிவிட்டாள். அப்புறம் அவன் எத்தனை முறை விளக்கியும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்ன வாயே மாற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மதியம் மழை பிடித்தது. பெய்தது என்று சொல்ல முடியாது, கொட்டியது. அவன் அக்காவுக்குப் போன் செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இயந்திரச் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கும்? குடையை எடுக்கவும் தோன்றாமல் கிளம்பிவிட்டான்.

வாகனங்கள் அசையவில்லை. ஓடினான். அக்காவின் தெருமுனையில் வடிகாலின் கம்பி மூடி வழியாகத் தண்ணீர் உள்ளே போகவில்லை, வெளியே வந்துகொண்டிருந்தது. கீழே குழாய் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அவன் இன்னும் வேகமாக ஓடினான்.

அடித்தளத்துக்குப் படியிறங்கினால் கடைசியில் ஒரு இரும்புக் கதவு. அது படிப்பக்கமாகத் திறப்பது. படியில் இறங்கும் தண்ணீர் கதவுக்கு வெளியே முட்டியளவு நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் திறக்காது. இப்போதே கணுக்கால் நனைந்தது. அவன் இழுத்துத் திறந்து, கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான்.

உள்ளே நீலத் துணிக்குவியல்களுக்கு நடுவே அக்காவும் நான்கு பெண்களும் தைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்கடைத் தண்ணீரோடு சாக்கடையும் வந்துவிட்டதா என்று அக்கா சிரித்தாள். அவன் உடனே எல்லோரையும் மேலே வரச் சொன்னான். இந்தச் சீருடைகள் நாளைக்குப் போயாக வேண்டும், முடித்துவிட்டு வருகிறோம் என்றாள் அவள். வாசலில் ஓடிவரும் தண்ணீரைப் பார்த்து ஒரு பெண்ணிடம் பழந்துணி போடச் சொன்னாள்.

"நூறு வருஷம்னா தேதி இல்லக்கா. பகடை மாதிரி. ஒரு தடவ ஆறு விழுந்தா அடுத்த தடவ விழாதா? இப்ப பகடையிலயே ஆறு அதிகமாயிடுச்சு."

"சரிடா, தெரியும்டா," என்றாள், தலை நிமிராமல்.

அவன் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான். மில்லிமீட்டர், குழாயின் கொள்ளளவு, கதவின் மேல் தண்ணீர் அழுத்தும் எடை, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. படியில் பாய்ந்து வந்த தண்ணீர் அவன் முட்டியில் மோதியது. "அக்கா," என்றான், அவ்வளவுதான்.

அவள் நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள்.

"எல்லாரும் எழுந்திருங்க. துணிய விடு. பைய விடு. ஏறு மேல."

பெண்கள் சுவரைப் பிடித்து ஏறினார்கள். அக்கா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடைசியாக வந்தாள். அவன் கதவிலிருந்து விலகியதும் தண்ணீரே அதை அறைந்து சாத்தியது. மேல்தளத்துக்குப் போய்ப் பார்க்கையில் படிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கதவின் மேல்விளிம்பும் மறைந்தது. ஒரு பெண் விசும்பினாள். அக்கா அவளை அணைத்துக்கொண்டு, அவர்கள் நான்கு பேரையும் மீண்டும் மீண்டும் எண்ணினாள்.

பகடை என்று சொன்னதும் புரிந்ததா என்று அவன் அக்காவைக் கேட்டான்.

"பகடையாவது ஒண்ணாவது. நீ பேசினது எதுவும் என் காதுல விழல. உன் கை வெடவெடன்னு நடுங்கிச்சு. உன்ன நான் அப்படிப் பாத்ததே இல்ல. அதான் எழுந்தேன்."

முந்தானையைப் பிழிந்து அவன் தலையைத் துவட்டிவிட்டாள்.

"நீ எப்பவும் ரொம்ப நிதானமாச் சொல்றடா. அதான் யாரும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்க."