எண் பார்க்காமல் உருவிய டிஸ்க்

பிஷ்கேக் பனியாற்று ஆய்வு நிலையத்தின் சர்வரில் நான்கு டிஸ்க்குகள். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் தாங்கும். இன்னொன்றும் போனால் சர்வர் படுத்துவிடும். ஆய்வாளர் ஜிபார் கோடைதோறும் மலையேறிப் பனியாறுகளை அளந்து எடுத்த அளவுகளெல்லாம் அதில்தான் இருந்தன. "நாலு இருக்கும்போது நகல் எதுக்கு?" என்று தலைமைப் பொறியாளர் டோலோமுஷ் தனி நகல் எடுக்கவேயில்லை. மேதாவி!

அன்று ஒரு டிஸ்க் செத்தது. ஓஷ் நகரிலிருந்து விருந்தாளிகள் வேறு வந்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே மாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார் டோலோமுஷ். செத்ததை, சர்வரை ஓட்டும் லினக்ஸ் 'பி' என்றது. "ஏ, பி... ரெண்டாவதுதான்" என்று இரண்டாவதில் கை வைத்தார். சர்வரை அணைத்துப் போட்டால் அந்தப் பெயர்கள் இடம் மாறிவிடக்கூடும்; டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். உதவிப் பொறியாளர் ஐஸாத் அந்த எண்ணைப் பார்த்திருந்தாள். செத்தது மூன்றாவது.

சொல்ல வாயெடுத்தாள். விருந்தாளிகள் முன்னால் மூத்தவரைத் திருத்துவதா? 'உயாத்' என்பார்கள் எங்கள் ஊரில், வெட்கக்கேடு என்று. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே இங்கே பாதிக் காரியம் கெட்டுப்போகிறது. ஐஸாத் வாயை மூடிக்கொண்டாள். அவர் உருவினார். சர்வர் அலறிவிட்டு நின்றது.

அப்போதும் எதுவும் அழிந்துவிடவில்லை. உருவியதைத் திரும்பச் செருகி, டிஸ்க்குகளின் பழைய தொகுப்பை அப்படியே எழுப்பினால் போதும். அதையாவது தனியாகச் சொல்லிவிடலாம் என்று, "வாங்க, டீ ஆறிடும், பொரிச்ச போர்சோக் சூடா இருக்கு" என விருந்தாளிகளை அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, புதுசா தொகுப்பு எதையும் உருவாக்கிடாதீங்க!"

"உருவாக்கிட்டேனேம்மா. இதோ, எழும்பிடுச்சு பாரு."

எழும்பியது, வெறுமையாக. வரிசை மாறிக் கோத்த டிஸ்க்குகளில் பழைய அளவுகளின் மேலேயே எழுதிக்கொண்டிருந்தது.

சேதி கேட்டு ஜிபார் ஓடி வந்தாள். "என் தப்புதான்" என்றார் டோலோமுஷ், தலை நிமிராமல். ஜிபார் அவரைத் தாண்டிப் போனாள். மூலையில் நின்று அழுத ஐஸாத்தின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"நீ ஏண்டி அழறே? உனக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பியா?"

ஐஸாத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்க்கா. அவர் கை வைக்கும்போதே தெரியும்."

தோளிலிருந்த கையை ஜிபார் எடுத்துக்கொண்டாள்.