விலாங்குத்துறை ஆயர்

லண்டனின் கிழக்கு ஓரத்தில், பிளேஸ்டோவையும் தாண்டி, ஒரு சிற்றாறு தேம்ஸில் வந்து விழும் இடத்தில் ஈல்ஹைத் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஈல் என்றால் விலாங்கு. ஹைத் என்றால் பழைய ஆங்கிலத்தில் படகுத்துறை. அதனால் அம்பலவாணன் தன் ஊரை விலாங்குத்துறை என்றுதான் சொல்வார். இல்ஃபோர்டில் இருக்கும் அவருடைய மச்சான் ஒருமுறை, "அது எங்கையண்ணை, மட்டக்களப்புப் பக்கமோ?" என்று கேட்டிருக்கிறார்.

ஊருக்கு வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி சேற்றுக்குள் கிடக்கிறது. ரோமர்கள் வந்தார்கள், ஒரு பானையை உடைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பானையை நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், யாரோ திருடப் போகிற மாதிரி. பிறகு வந்தவர்கள் விலாங்கு பிடித்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஜாம் காய்ச்சினார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜாம் தொழிற்சாலை மேல் குண்டு விழுந்து, ஊர் முழுக்க ஒரு கிழமைக்கு ஸ்ட்ரோபெரி மணந்ததாம். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆற்றைப் பார்க்கவென்று கட்டிய பால்கனிகளில் சைக்கிளும் உலர்த்திய துணியும்தான் ஆற்றைப் பார்க்கின்றன.

ஆனால் ஊர்க்காரர் மார்தட்டுவது இவை எதற்கும் அல்ல, ஒரு ஆயருக்காக, அதாவது ஒரு பிஷப்புக்காக. அறுநூறு வருடங்களுக்கு முன் அந்த ஆயர் பிடிபடும் விலாங்கில் பத்துக்கு ஒன்று தனக்கு வேண்டும் என்றார். கொடுத்தார்கள். ஐந்துக்கு ஒன்று வேண்டும் என்றார். கொடுக்கவில்லை. ஆயர் படகேறித் தானே வந்துவிட்டார். அப்போது ஆற்றில் வற்று, தண்ணீர் கடலோடு இறங்கி வெறும் சேறு தெரிகிற நேரம். கரையில் நின்றவர்கள், "நல்ல இறுகிய தரை ஆண்டகை, இறங்கி நடந்து வாருங்கள்" என்றார்கள். ஆயர் இறங்கினார். இடுப்பளவுக்குப் போனார். ஊர் கரையில் உட்கார்ந்து, சுட்ட விலாங்கு தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தது. வற்று முடிந்து வெள்ளம் திரும்பி வரும் சமயத்தில் அவர் இனிமேல் விலாங்கே கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். இழுத்துக் கரையேற்றினார்கள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு சனிக்கிழமை, ஊர் வரலாற்றுச் சங்கம் இதை நடித்துக் காட்டும். பல வருடங்களாக ஆயர் வேடம் போட்ட ஆளுக்கு இடுப்பெலும்பு மாற்ற வேண்டி வந்தது. சங்கத்தார் நூலகத்தின் பின்னறையில் கூடி அடுத்த ஆயர் யார் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்பலவாணன் கதவைத் திறந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குப்பை எடுக்க வராததைப் பற்றிக் கவுன்சில்காரரிடம் சண்டை பிடிக்க வந்து, அறை மாறிவிட்டார்.

சங்கத் தலைவி மார்கரெட் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. அம்பலவாணனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. வயிற்றைத்தான் பார்த்தாள். அங்கி அந்த அளவுக்குத்தான் தைத்திருந்தது.

வீட்டில் மனைவி டொலறஸ் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாரும், நான் பிஷப்பாகப் போறன்."

"ஞானஸ்நானமே எடுக்காத ஆள் நேர பிஷப்போ?" டொலறஸ் நிமிரவில்லை.

டொலறஸ் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி, கத்தோலிக்கர். ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். சைவக்காரரான அம்பலவாணன் மாதாகோயில் பக்கம் வருவது நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும். அதுவும் பூசை முடிந்து கேக் வெட்டுகிற நேரத்துக்கு. அவர் கதையை விளக்கமாகச் சொல்லி முடித்தபோது கத்தி அந்தரத்தில் நின்றது.

"திருச்சபையின்ர ஆயரைச் சேத்துக்குள்ள தாட்டுப்போட்டுக் கை தட்டுறாங்களோ? அதுக்கு நீங்கள் வேசம் கட்டப்போறியளோ? நான் எந்த முகத்தோட பூசையில நன்மை எடுக்கப் போறது?"

"அந்த மனுசன் செத்து அறுநூறு வருசம், இஞ்சாரும்."

"எங்கட சபையில செத்தவையையும் கணக்கில வச்சிருக்கிறம்!"

மறுநாளே டொலறஸ் பங்குத்தந்தையிடம் போனார். ஃபாதர் டோமாஸ் போலந்துக்காரர், இளவயது. ஒரு கடிதம் எழுதி இந்தக் கூத்தை நிறுத்துவார் என்று டொலறஸ் நம்பினார். ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐந்துக்கு ஒன்று அதிகம்தான்" என்றார். பிறகு, "எத்தனை மணிக்கு ஆரம்பம்?" என்று கேட்டார்.

டொலறஸ் கூத்துப் பார்க்க வரமாட்டேன் என்றுவிட்டார். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் மீன் இல்லை. பருப்பும் மௌனமும்தான்.

சனிக்கிழமை நல்ல வெயில். ஆற்றங்கரைச் சுவர் நெடுகச் சனம். ஐஸ்கிரீம் வான், கேக் விற்கும் மேசைகள், கன்னத்தில் மீன் வரைந்துகொண்ட பிள்ளைகள். மார்கரெட் மைக்கோடு நின்றாள். வேடத்தின் இரகசியத்தை அவள் அம்பலவாணனுக்கு முன்பே சொல்லியிருந்தாள்: சேற்றுக்குக் கீழே ஒரு பலகை போட்டிருக்கிறது. அதில் நின்றால் முழங்கால் வரைக்கும்தான் தாழும். அதற்கப்பால் ஒரு அடியும் வைக்கக்கூடாது. இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். படகுக் கழக ஆட்கள் இருவர் அதை இழுக்கிற மாதிரி இழுத்து, சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். அதுவும் நாடகம்தான்.

ஊதா அங்கியும் உயரத் தொப்பியுமாக அம்பலவாணன் இறங்கினார். சனம் ஊளையிட்டது. இவ்வளவு காலம் பஸ் ஓட்டியும் ஒருவரும் அவருக்குக் கை தட்டியதில்லை. பலகையில் நின்று இடப்பக்கம் ஆசீர்வதித்தார். வலப்பக்கம் ஆசீர்வதித்தார். அடுக்குமாடிப் பால்கனியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அவர்களுக்கும் தெரியட்டுமே என்று நாலு அடி தள்ளிப் போனார்.

தொடை வரைக்கும் போனது. ஒரு காலைத் தூக்கப் பார்க்க, மற்றக் கால் இடுப்பு வரைக்கும் கொண்டுபோனது.

"உதவி! நான் உண்மையாகவே மாட்டிக்கொண்டேன்!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். முன்பு ஆயர் வேடம் போட்டவரும் வருடா வருடம் இதையேதான் கத்துவாராம். பெரிய கைதட்டல். கயிற்றுக்காரர்கள் இழுத்தார்கள், சிரித்துக்கொண்டு விட்டார்கள். "நடிப்பில்லை! ஆண்டவன் மேல் ஆணை!" என்றார். ஆயர் ஆண்டவன் மேல் ஆணையிடுவது சனத்துக்கு இன்னும் பிடித்துப்போயிற்று.

முதுகுப் பக்கம் குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தார். வெள்ளம் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த உண்மையான ஆயரும் இப்படித்தான் கத்தியிருப்பான், இவர்களும் இப்படித்தான் தின்றுகொண்டு பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார். ஆங்கிலம் அவரை விட்டுப் போய்விட்டது.

"டொலறஸ்! எங்கையும் நிக்கிறீரோ? கால் வருகுதில்லையப்பா! தண்ணி ஏறுது! ஐயோ, மெய்யாத்தான் சொல்லுறன்!"

சனம் அதற்கும் கை தட்டியது. இந்த வருடம் ஆயர் லத்தீனில் பேசுகிறார் என்று ஒருவர் பக்கத்தவருக்கு விளக்கினார்.

டொலறஸ் வந்துதான் இருந்தார். கறுப்புக் கண்ணாடியும் குடையுமாக, தெரிந்த ஆள் ஒன்றும் பார்த்துவிடாதபடி ஐஸ்கிரீம் வானுக்குப் பின்னால். அவருடைய மனுசன் சொல்லும் பொய்யெல்லாம் அவருக்கு மனப்பாடம். இனிப்பு தின்னவில்லை என்கிற பொய், மருந்து போட்டேன் என்கிற பொய். சிறுநீரகக் கல் வந்த அன்று ஆம்புலன்சில் கேட்ட குரல் மட்டும் பொய்யில்லை. இது அந்தக் குரல்.

குடையைப் போட்டுவிட்டு ஓடினார். மார்கரெட்டின் கையிலிருந்த மைக்கைப் பறித்து, "அவர் நடிக்கவில்லை! நான் அவருடைய மனைவி! அவருக்கு நடிக்கவே தெரியாது!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

ஆயருக்கு மனைவியா! சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

டொலறஸ் மைக்கை எறிந்தார். சப்பாத்தைக் கழற்றினார். படியால் இறங்கி, சேற்றில் நின்றபடி கயிற்றைப் பிடித்தார். முன்வரிசையில் நின்ற ஃபாதர் டோமாஸ் கையிலிருந்த ஐஸ்கிரீமை அப்படியே போட்டுவிட்டு அவர் பின்னால் குதித்தார். ஒரு நிஜப் பாதிரியார் சேற்றுக்குள் ஓடுவதைக் கண்ட பிறகுதான் கரை அமைதியானது.

"தீயணைப்புப் படையைக் கூப்பிடு" என்றார் டொலறஸ்.

மார்கரெட் தயங்கினாள். "அவர்கள் வந்தால் கவுன்சில் இந்த விழாவையே நிறுத்திவிடும்."

"உன் விழா நிற்கட்டும். என் மனுசன் வரட்டும்."

மார்கரெட் போனை எடுத்தாள். அதற்குள் யாரோ கேக் மேசைகளைக் காலை மடக்கிக் கொண்டுவந்தார்கள். சேற்றின் மேல் ஒன்றையடுத்து ஒன்றாகப் படுக்கப்போட்டு, ஃபாதர் அவற்றின் மேல் வயிற்றால் ஊர்ந்து போனார். "பின்பக்கம் சாயுங்கள்!" என்று கத்தினார். அம்பலவாணன் சாய்ந்தார். ஏறி வந்த தண்ணீரே சேற்றை இளக்கியது. கரையில் டொலறஸும் கயிற்றுக்காரரும் இழுத்தார்கள், இந்த முறை சிரிக்காமல். போத்தல் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அம்பலவாணன் வெளியே வந்தார். அங்கி வரவில்லை. பூட்ஸும் காற்சட்டையும் வரவில்லை. தீயணைப்புக்காரர் வந்து சேர்ந்தபோது கரையில் நின்றது ஜட்டியும் ஆயர் தொப்பியும் போட்ட ஒரு தமிழர்.

டொலறஸ் கேக் மேசை விரிப்பை எடுத்து அவரைச் சுற்றினார். பிறகு தொப்பியைக் கழற்றி, அதனாலேயே அவருடைய தோளில் அடித்தார்.

"பலகையில நிக்கச் சொன்னா நிக்கிறதுக்கென்ன? செத்திருந்தா?"

"நீர் வரமாட்டன் எண்டீர்."

"நான் வந்திராட்டி?" என்றார் டொலறஸ். அடிக்கிற கை நின்றுவிட்டது. சேறு படிந்த அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எல்லோருக்கும் முன்னால் மனைவியைக் கட்டிப்பிடித்து அம்பலவாணனுக்குப் பழக்கமில்லை. பிடித்தார். மேசை விரிப்பு நழுவியது. ஒருவரும் கை தட்டவில்லை.

மாலையில் மச்சான் இல்ஃபோர்டிலிருந்து போன் எடுத்தார். "அண்ணை, வாட்ஸப்பில உங்கட ஜட்டிதான் ஓடுது. லண்டன்ர மற்றப் பக்கம், ஹரோவுக்கும் போயிட்டுதாம்."

கவுன்சில் சேற்றில் இறங்குவதைத் தடை செய்தது. அடுத்த வருடம் ஆயரைத் தள்ளுவண்டியில் கொண்டுவரலாமா என்று பேச சங்கம் கூடியபோது டொலறஸையும் அழைத்திருந்தார்கள். மார்கரெட் எழுந்து, அந்தக் காலத்து ஆயர் அவ்வளவு நேரம் சேற்றில் நின்றது செய்த பாவத்தை உணர்ந்ததால்தான் என்று வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள் என்றாள்.

டொலறஸ் கையை உயர்த்தினார். "பாவமும் இல்லை ஒண்டும் இல்லை" என்று தமிழில் தொடங்கி, ஆங்கிலத்துக்கு மாறினார். "அந்த மனிதருக்கு மனைவி இல்லை. அதனால்தான் அவ்வளவு நேரம்."

சங்கத்தார் அதைக் குறித்துக்கொண்டார்கள். அம்பலவாணன் கதவருகே நின்று, அறை மாறி வந்தவர் மாதிரி, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். தள்ளுவண்டியைத் தள்ள ஆள் வேண்டும் என்றார்கள். ஒருவரும் கை உயர்த்தவில்லை. டொலறஸ் பெருமூச்சு விட்டு, "ஓம், நான் தள்ளுறன்" என்றார்.