பார்கோலாவில் மூன்றாவது மேடை

கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுங்களா, துண்டை இப்படி நகர்த்திப் போடுங்க. காற்று பேச்சைக் கொண்டுபோய்விடும். இந்தக் கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நானே கண்ணால் பார்த்தது.

அது யார் கையிலும் போன் இல்லாத காலம். இந்தப் பார்கோலாக் கரையில் அப்போதும் இப்படித்தான். மணலே இல்லாத கரையில், நடைபாதை சிமெண்டிலேயே துண்டை விரித்து வெயில் காய்வோம். கடலுக்குள் நீட்டிய அரைவட்ட மேடைகள் பத்து. கரையின் ஒரு கோடியில் ஊர், மறு கோடியில் பழைய கோட்டை. ஊர்ப்பக்கத்துக்காரர்கள் ஊரிலிருந்து எண்ணுவார்கள். கோட்டைப்பக்கத்துக்காரர்கள் கோட்டையிலிருந்து. என் இடம் நடுவில், அதனால் எனக்கு இரண்டு கணக்கும் அத்துபடி.

அன்று வெள்ளிக்கிழமை. காற்று கிளம்பியிருந்தது. துண்டின் நான்கு மூலையிலும் கல் வைத்தும் அடங்கவில்லை. கோட்டைப்பக்கத்து ஓண்டினா, கணவனை இழந்தவள், நல்ல நீலச் சட்டை போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்; திரும்பி வந்தாள்; மறுபடி போனாள். முழங்கால் வலியோடு மூன்றாவது தடவை வந்தபோது கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தவள் உடனே எழுந்தாள்.

"என்னடி, எறும்பு கடிக்குதா?"

"டூலியோ வரலக்கா."

டூலியோ டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவனும் துணையில்லாதவன்தான். அவளை மணக்கக் கேட்டிருந்தான். "நாலு மணிக்கு மூணாவது மேடைக்கு வா. வந்தா நான் இங்கயே இருந்துடறேன். வரலைன்னா டூரின்ல இருக்கிற மகன் வீட்டுக்கே போயிடறேன், ஆறு மணி ரயில்ல. வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லவேண்டிய சங்கடம் உனக்கு வேணாம்" என்று சொல்லியிருந்தானாம்.

"அஞ்சடிக்கப் போகுது. மனசு மாறிட்டான் போல. நான்தான் வெக்கமில்லாம வந்து நிக்கறேன்."

"நீ எந்த மூணாவதுல நின்ன?"

"இதென்ன கேள்வி? நம்ம மூணாவது. கோட்டையிலேர்ந்து."

"அடிப் பாவி! அவன் ஊர்ப்பக்கத்து ஆளுடி!"

அவள் ஊர்ப்பக்கம் திரும்பி ஓடப் பார்த்தாள். அந்த முழங்காலோடு இரண்டு மூன்று மேடை தூரம் ஓடமுடியுமா? ரயிலடிக்குப் போகும் ஐந்து மணி பஸ்ஸோ ஊர்ப்பக்கத்து பைன் தோப்பில்தான் நிற்கும். நான் எழுந்து, பக்கத்துத் துண்டில் சீட்டாடிக்கொண்டிருந்த புரூனாவிடம் கத்தினேன்.

"புரூனா! டூலியோவைப் போகவிடாதேன்னு அந்தப்பக்கம் சொல்லு! ஓண்டினா வந்திருக்கா!"

"வந்து?"

"வந்துன்னா சம்மதம்டி, மண்டு!"

புரூனா சீட்டைக் கீழே போட்டுவிட்டு அடுத்த துண்டுக்குக் கத்தினாள். அங்கே தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியோடு எழுந்து அதற்கடுத்த துண்டுக்கு. செய்தி துண்டுக்குத் துண்டு ஓடியது. ஓண்டினா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அவன்கிட்ட மட்டும் சொல்ல வந்தேன்க்கா. ஊரே கேக்குதே!"

"கேக்கட்டும். நடடி."

என் தோளைப் பிடித்து நொண்டி நொண்டி நடந்தாள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு வாய். "இன்னும் வேகமா, ஓண்டினா!" "நீலச் சட்டை எடுப்பா இருக்கு!" அவள் யாரையும் பார்க்கவில்லை. பஸ்ஸின் சத்தத்துக்கு மட்டும் காதைத் தீட்டியிருந்தாள். அது கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். பஸ் எங்கள் பக்கம் வரவில்லை, தோப்பிலிருந்து அப்படியே ஊருக்குள் கிளம்பிப் போனது. அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கும் வரை என் தோளில் அவள் நகம் பதிந்திருந்தது.

பிறகு நடைபாதையின் கோடியில் ஒரு பெட்டி தெரிந்தது. பெட்டிக்குப் பின்னால் டூலியோ. பஸ் படியில் ஒரு கால் வைத்திருந்தவனை, நீந்திவிட்டு ஈரம் சொட்ட நின்ற இரண்டு கிழவர்கள் சட்டையைப் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். முதுகில் இன்னும் ஈரக் கைத்தடம்.

அவன் வாய் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"எந்தப் பக்கத்துலேர்ந்துய்யா எண்ணினே?"

"ஊர்லேர்ந்துதான். வேற எப்படி எண்ணுவாங்க?"

"கோட்டையிலேர்ந்து!"

சொல்லிக்கொண்டே பெட்டியின் கைப்பிடியில் பாதியை அவள் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்தும் அந்தச் சண்டை தீரவில்லை. ஆனால் இருவரும் துண்டு விரித்தது என் பக்கத்தில், நடுவில்தான்.

உங்கள் வீட்டில் காத்திருப்பவரின் கால் ஓயுமுன் வரவேண்டியவர் வந்து சேரட்டும். கிளம்பிய பெட்டி வாசலோடு திரும்பட்டும். எல்லோரும் ஒரே துண்டில் இடம் போதாமல் இடித்துக்கொண்டு நெடுநாள் உட்கார்ந்திருங்கள், கண்ணுங்களா.