ஒத்தை ஆள் வண்டி

லாரிகளுக்கு எடை போடுவதுதான் அவருடைய வேலை. குவாரிச் சாலையோரம் ஓர் இரும்பு மேடை, அதை ஒட்டி ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடி அறை. காலி லாரி ஒருமுறை மேடையேறும். லோடு ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை ஏறும். இரண்டு எடையையும் சீட்டில் அடித்து, கண்ணாடியில் இருக்கும் அரைவட்ட ஓட்டை வழியாக நீட்டுவார். டிரைவர்களுக்கு அவருடைய கையை நன்றாகத் தெரியும். கடைத்தெருவில் முகத்தைப் பார்த்தால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. எடைக்காரர் என்பார்கள். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தி இருந்தாள், அக்கா. அவளும் மலைமேல் இருந்தாள்.

கல்யாணப் பேச்சு கொஞ்ச காலம் அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பிறகு வருவதை நிறுத்திக்கொண்டது. ஓட்டலுக்குப் போனால் "எத்தனை பேர் சார்?" என்று கேட்பதற்கு முன்பே "ஒருத்தன்தான்" என்று சொல்லிவிடுவார். உடனே கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜையைக் காட்டுவார்கள். போகிற வருகிறவர்கள் கையை உதறிய தண்ணீர் சட்டையில் தெறிக்கத் தெறிக்கச் சாப்பிட்டுவிட்டு வருவார். வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அவர் இருந்தார், இன்னொன்றில் ஒன்றும் இல்லை.

அக்காவின் கணவர் மலைமேல் இருந்த நீர்த்தேக்கத்துக்குக் காவலாளி. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அக்கா அங்கேயே தையல் மிஷினை மிதித்துக்கொண்டு இருந்துவிட்டாள். மிதித்து மிதித்து வலது முட்டி போயிற்று. போதாததற்குப் பெருமழை ஒன்று வந்து மண்பாதையை அரித்துக்கொண்டு போக, பாதி வழியில் ஒரு பாறை பாதைக்குக் குறுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்தது. அதைத் தாண்டி ஆடு போகும், ஆள் போகலாம், வண்டி போகாது. எடைக்காரர் தன்னுடைய பழைய ஜீப்பைப் பாறைக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறிப்போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவார்.

"டாக்டர்கிட்ட காட்டலாம், வாக்கா."

"அந்தப் பாறை வரைக்கும் எப்படிடா நடக்கிறது? வண்டி வாசல்ல வந்து நின்னா வரேன். காட்டிட்டு நாலு நாள்ல திரும்பக் கொண்டாந்து விட்டுடணும், ஆமா."

நாலு நாள் என்றாள். எடைக்காரர் மனசில் வேறு கணக்கு ஓடியது. காலியாகக் கிடந்த அறைக்கு வெள்ளையடித்தார். முட்டியை அதிகம் மடக்காமல் உட்கார்ந்து எழ உயரமான கட்டில் ஒன்று பார்த்து வாங்கிப் போட்டார். 'இங்கேயே இருந்துடேன்க்கா' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஒரு வரி. அதைக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பழகினார். ஒருநாள் டிரைவர்களைக் கூப்பிடும் மைக்கை அணைக்காமல் பழகிவிட்டார். மேடைமேல் நின்ற லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, "எங்க இருக்கச் சொல்றீங்க? எனக்கு லோடு இறக்கணும்" என்றார். அன்று முழுக்க எடைக்காரர் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.

பாறையில் வயிறு இடிக்காதபடி ஜீப்பைத் தூக்குவது ஒன்றுதான் வழி. பட்டறைக்காரரிடம் போனார். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி எழுந்தார்.

"உயரம் ஏத்துற புது செட்டு மாட்டினா வண்டி விலையைத் தாண்டிடும். உங்க கைக்கு அடக்கமா செய்யலாம். கீழே தொங்குறதையெல்லாம் முதல்ல மேலே ஏத்துவோம்."

அப்படித்தான் செய்தார்கள். யாரையும் என்றைக்கும் இழுத்திராத பின் கொக்கியை அறுத்துப் போட்டார்கள். வயிற்றுக்குக் கீழே அசட்டுத்தனமாகத் தொங்கிய சைலன்சர் குழாயை வளைத்துச் சட்டத்துக்கு மேலே கொண்டுபோனார்கள். ஒரு சுற்று பெரிய டயர், யாரோ ஓட்டிக் கழித்தது, நாலும் ஒரே சாயலில் கிடைத்தது. சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்து வண்டியின் பாரம் தாங்கும் கமான் பட்டைகளைப் பிடித்திருக்கும் இரும்புக் காதுகளைக் கொஞ்சம் நீளமாக அடித்து மாட்டினார்கள். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய தகட்டைக் கியர்பாக்ஸுக்கு அடியில், அதன் தாங்கு கம்பியோடு ஒட்டினாற்போல் முடுக்கினார்கள், கல் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று.

பின்பக்கக் கமான் பட்டைகளைத் தட்டிப் பார்த்துப் பட்டறைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "பட்டை தளர்ந்து போச்சு. ஆளும் சாமானும் ஏறினா அமுங்கிடும். ஏத்துறதா இருந்தா பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்துடலாம். எத்தனை பேர் போவீங்க?"

"ஒருத்தன்தான்" என்றார் எடைக்காரர்.

இத்தனை கூத்தும் யாருக்காக என்று ஒரு கணம் யோசித்திருக்கக் கூடாதா மனுஷன்! பகலெல்லாம் காலி எடை, லோடு எடை என்று இரண்டாகப் பிரித்துச் சீட்டு அடிக்கிற ஆள்! வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, காதும் பழக்கத்தில் கேட்டுக்கொண்டது. பட்டறைக்காரரும், செலவு மிச்சம், என்று விட்டுவிட்டார்.

பாறையின் உயரத்தைத் துடைப்பக் கழி ஒன்றில் கத்தியால் கீறி வைத்திருந்தார். சாயங்காலம் கழியை ஜீப்பின் வயிற்றுக்கு அடியில் நிறுத்திப் பார்த்தார். கீறலுக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. சந்தோஷம் தாங்கவில்லை. சொல்ல ஆளில்லாததால் கழியை முன்சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் விடுப்பு. பாறையின் மேல் முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. வயிறு எதையும் தொடவில்லை. பின்சக்கரங்களும் ஏறி இறங்கின. ஒரு சத்தமும் இல்லை. வண்டியை நிறுத்தி, இறங்கி, திரும்பிப் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கு வணக்கம் போடாத குறை.

வாசலில் ஜீப் வந்து நின்றதும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "அடப்பாவி, நிஜமாவே கொண்டாந்துட்டியே!" என்றாள். பக்கத்து வீட்டு ஆட்டுக்காரரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டாள். "என்னடா இது, மாடி மாதிரி இருக்கு, நான் எப்படி ஏறுறது?"

"முக்காலி போடறேன்க்கா. நீ கிளம்பு."

எடைக்காரருக்கு வண்டியின் அடிவயிறு நினைவாகவே இருந்தது. ஒரு சாக்கை விரித்து அதன் அடியில் படுத்தார். தகட்டில் கீறல் உண்டா, குழாய் இடித்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். தலைக்கு மேலே தடால் தடால் என்று சாமான் ஏறியது. ஆட்டுக்காரரின் கால்கள் வீட்டுக்கும் வண்டிக்குமாகப் போய்ப் போய் வந்தன. "மெதுவா, மெதுவா" என்றாள் அக்கா. நாலு நாளைக்கு இவ்வளவு நடையா என்று இவருக்குத் தோன்றவில்லை. எழுந்து வந்தபோது பின்பக்கம் படுதா போட்டு மூடியிருந்தது. அக்கா முக்காலிமேல் ஏறி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்ததும், முக்காலியை அவள் காலடியில் வைத்துக்கொண்டார்.

இறங்கும் வழியில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஆட்டுக்காரர் குடும்பமும் மழைக்கு முன்னால் கீழே போய்விடப் போகிறதாம். எடைக்காரர் "உம்" கொட்டினார். பழகி வைத்த வரி தொண்டை வரை வந்தது. பாறையைத் தாண்டிச் சொல்லிக்கொள்ளலாம் என்று மென்று விழுங்கினார்.

முன்சக்கரங்கள் பாறையில் ஏறி இறங்கின. அப்புறம் அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம். வண்டி பாறையின்மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்துகொண்டது. முன்னால் போகச் சொன்னால் மண்ணை வாரி இறைத்தது, பின்னால் வரச் சொன்னால் உறுமியது.

எடைக்காரர் வண்டியை அணைத்தார். இறங்கிக் கழியை நட்டுப் பார்த்தார். கீறல் தகட்டுக்கும் மேலே நின்றது. "அளந்துதான்க்கா வந்தேன். மேலே வரும்போது தொடக்கூட இல்லைக்கா" என்றார். ஒரு வண்டியைக்கூட ஒழுங்காகத் தூக்கத் துப்பில்லாதவன் வீட்டில் எவள் தங்குவாள் என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா முக்காலியைப் போடச் சொல்லி இறங்கி, பாறையிலேயே ஒரு மேடு பார்த்து உட்கார்ந்தாள். "பட்டறையில என்ன சொன்னாங்க?"

"எத்தனை பேர் போவீங்கன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

அவர் கழியின் கீறலை நகத்தால் சுரண்டினார்.

"சொல்லுடா."

"ஒருத்தன்தான்னேன்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பி, "சரி, சாமானை இறக்கு. வண்டி எழும்பிக்கும்" என்றாள்.

படுதாவை விலக்கினார். துணிப்பை ஒன்று, அதற்குப் பின்னால் தகரப் பெட்டி. அப்புறம் பாத்திரச் சாக்கு. அப்புறம் சுவர்க் கடிகாரம், போர்வையில் சுற்றியது. மாமாவின் படம். கடைசியாக, பழம்புடவை போர்த்திக்கொண்டு, இரும்புக் கால்களோடும் மிதியோடும் முழுசாகத் தையல் மிஷின்.

அவர் அதன்மேல் ஒரு கையை வைத்தபடி அப்படியே நின்றார்.

"நாலு நாளைக்குத் தையல் மிஷின் எதுக்குக்கா?"

"வீட்டைப் பூட்டிச் சாவியை ஆட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டேன்." அவள் இன்னும் வேறு பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயா கூப்பிடுவேன்னு வழியெல்லாம் பார்த்தேன். வாயத் திறந்தாத்தானே! கூப்பிடாட்டி கடைத்தெருவுல ஒரு அறை பார்த்துக்கலாம்னு இருந்தேன்."

அந்த ஒரு வரியை அப்போதும் அவரால் சொல்ல முடியவில்லை. கண்ணாடி அறையில் அத்தனை தடவை சொன்ன வரி, எங்கே போயிற்றோ. "கட்டில் வாங்கிப் போட்டிருக்கேன், உயரமா" என்றார். மிஷினை மார்போடு அணைத்து இறக்கினார். பாரம் இறங்கியதும் வண்டி மெல்ல நிமிர்ந்தது. பாறையைத் தாண்டி அதை நிறுத்திவிட்டு, சாமான்களை ஒவ்வொன்றாகச் சுமந்து போய் மறுபடி ஏற்றினார். கடைசியில் அக்காவை நடத்திக் கூட்டிப்போனார்.

அடுத்த வாரம் ஜீப் மீண்டும் பட்டறையில் நின்றது. நசுங்கிய தகட்டைப் பார்த்துப் பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அன்னைக்கே கேட்டேனே சார். இப்பவாவது சரியாச் சொல்லுங்க. எத்தனை பேரு?"

"ஒருத்..." என்று தொடங்கிய எடைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டு பேரு" என்றார். பிறகு, "ஒரு தையல் மிஷினும்" என்றார்.