நாமா, நாங்களா?

மார்ச் 11, செவ்வாய். இன்று மாலை உரைபெயர்ப்பு வகுப்பில், டாக்டர் பேசியதை நோயாளிக்குத் தமிழில் சொல்லும்போது, 'நாம' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நாங்க' என்று சொல்லிவிட்டேன். சின்னத் தப்புதான். நோயாளிக்குச் சின்னதில்லை.

இவ்வளவு எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தாள். டாக்டரின் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். "ஆபரேஷனைப் பத்தி நாங்க முடிவு பண்ணுவோம்" என்று அவள் தமிழில் சொன்னதும், நோயாளியாக நடித்த, கூடப் படிக்கும் பஸ் டிரைவர் எழுந்தே விட்டார்.

"அப்ப நான் எதுக்கும்மா? உடம்பை இங்க வச்சிட்டுக் கிளம்பட்டா?"

வகுப்பே சிரித்தது. வியாழக்கிழமை தேர்வு. தேறினால் ஆஸ்பத்திரியில் உரைபெயர்ப்பாளர் பயிற்சி. தவறினால் அடுத்த வருடம் வரை பார்சல் கிடங்கு வேலைதான்.

வீட்டில் அண்ணியும் விடவில்லை. "உங்க அண்ணன் போன்ல 'நாங்க சாப்பிட்டாச்சு'ன்னா நான் சாப்பிட்டேனான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி. வாய் முந்திக்குது."

"பேசாம எல்லாத்துக்கும் 'நாம'ன்னே போட்டுடு. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

வசதியான யோசனையாகத்தான் பட்டது.

தேர்வறையில் ஒரு பக்கம் டாக்டர், எதிரே நோயாளியாக நடிக்கும் அம்மா, மூலையில் மதிப்பெண் போடுபவர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு நாளை முடிவு செய்வதாகச் சொன்னார் டாக்டர். அதே சொல்! 'நாம' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதை அப்படியே பிடித்து நிறுத்தினாள். கேட்டால் தடுமாறுகிறாள் என்று நினைப்பார்களோ? நினைக்கட்டும்.

"உரைபெயர்ப்பாளருக்கு ஒரு சந்தேகம். முடிவு செய்வதில் நோயாளியும் உண்டா?" என்று டாக்டரின் மொழியில் கேட்டாள்.

"இல்லை. டாக்டர்கள் மட்டும்."

"நாளைக்கு நாங்க, டாக்டர்கள் மட்டும், முடிவு பண்ணுவோம்" என்றாள் நோயாளியிடம்.

"என் வயித்தை அறுக்க என்னைக் கேக்க வேணாமா?" அந்த அம்மா பொரிந்தார்.

அந்தச் சூட்டைக் கொஞ்சமும் ஆற்றாமல், 'என் வயிறு' என்றே டாக்டரிடம் சேர்த்தாள். டாக்டர் கையை நோயாளி பக்கமும் நீட்டி, அதே சொல்லால் பதில் சொன்னார். இம்முறை கேட்கத் தேவையே இல்லை.

"நாம உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலாம்மா."

மூலையிலிருந்தவர் பேனாவை மூடினார். "கேட்டீங்க பாருங்க, அங்கயே பாஸ்."

மார்ச் 13, வியாழன். தேறிவிட்டேன். அண்ணியின் யோசனையைக் கேட்டிருந்தால் தேறியிருக்க மாட்டேன் என்பதை அண்ணியிடம் சொல்லவில்லை. நாளை காலை எட்டரைக்கு எலும்பு வார்டு. எலும்புகளின் பெயர்களை இரு மொழியிலும் பஸ்ஸில் படித்துக்கொள்ள வேண்டும்.