ஒருவர் சொன்னார்கள்

'சொன்னார்கள்' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. அரசு வக்கீல் அந்தத் தாளை அவளிடம் நீட்டிவிட்டு, நிற்கப் பொறுக்காமல் நீதிமன்ற வராந்தாவில் இரண்டு நடை நடந்து திரும்பினார்.

"போன மாசம் சிவில் கேஸ்ல நீங்க சொன்ன சாட்சிம்மா. 'போன் வந்தது, கோப்புகளை எரிக்கச் சொன்னார்கள்.' யாரு சொன்னாங்க?"

"ஐயாதான். வேற யாரு சொல்லுவாங்க?"

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொன்னார்கள்னா பல பேரு. வேலைக்காரங்களே கூடிப் பேசி எரிச்சுட்டாங்க, தலைவருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு அவங்க வக்கீல் இன்னிக்கு அடிச்சுப் பேசுவாரு."

அதிபராக இருந்தவரின் வீட்டில் பத்தொன்பது வருஷம் தொலைபேசி எடுத்தவள் அவள். தேர்தலில் தோற்ற மறுநாள் காலை, மாடியிலிருந்து அவர் போனில் பேசினார். அவர் சொன்னதை அவள் அப்படியே டிரைவரிடம் சொன்னாள். கார் ஷெட்டுக்குப் பின்னால் அரசு நிலக் கோப்புகள் எரிந்தன. டிரைவர் வேறு யாருமில்லை, அவள் தம்பி. நிலத்துக்காக நீதிமன்ற மாடியில் சிவில் வழக்கு, சாட்சியத்தை அழித்ததற்காகக் கீழே கிரிமினல் வழக்கு. இதில் தலைவர் முதல் எதிரி, தம்பி இரண்டாம் எதிரி. இருவரும் ஜாமீனில் இருந்தார்கள்.

"உன் மரியாதை என்னை உள்ள தள்ளிட்டுத்தான் ஓயும் போலிருக்கு," என்றான் தம்பி. "'சொன்னாரு'ன்னு சொல்லேன்க்கா. நாலே எழுத்து."

"வாயில வர மாட்டேங்குதுடா."

"பழகு. வந்தாரு, சாப்பிட்டாரு..."

"வந்தாரு. சாப்பிட்டாரு. தூங்கினாரு." நாக்கு கூசியது. தம்பி மகளின் ஆபரேஷனுக்கு ஒரே போனில் ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்க வைத்தவர். அதே மனிதர் வழக்கு வந்த பதினாலு மாதத்தில் ஒரு தடவைகூட அவளைக் கூப்பிட்டு, என்ன ஏது என்று கேட்கவில்லை. எதை நினைப்பது, எதை விடுவது?

வராந்தாவில் கூட்டம் விலகியது. வக்கீல்கள் சூழ அவர் வந்துகொண்டிருந்தார். அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"டேய், வந்துட்டாங்கடா!"

தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளைத்தான் எடுத்தார். "சொன்னார்கள். இது நீங்க சொன்னதுதானேம்மா? அந்த 'ஆர்கள்'ல உங்க தம்பியும் உண்டா?"

யாரோ சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தரா, பல பேரா?" என்றார் நீதிபதி.

"ஒருத்தர்தாங்க. ஐயா."

"சரி, ஐயா என்ன சொன்னாங்க?"

கேட்ட பிறகுதான் நீதிபதிக்கே உறைத்தது. தட்டச்சுப் பெண் விரல்களைத் தூக்கிக்கொண்டு விழித்தாள். நீதிபதி தொண்டையைக் கனைத்தார். "சாட்சி சொல்லட்டும்."

தலைவர் அவளையே பார்த்தார். மாடிப்படியில் நின்று பார்க்கிற அதே பார்வை. அவள் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எரிச்சுடச் சொன்னாரு. அவரு ஒருத்தருதான் சொன்னாரு."

விசைகள் படபடத்தன. "அப்ப போன மாசம் சொன்னது பொய்யா, இது பொய்யா?" என்று வக்கீல் எகிறினார். நீதிபதி எதையோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். சாப்பாட்டு இடைவேளை என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

தலைவர் நாற்காலியை விட்டு அசைந்ததுதான் தாமதம், தம்பி பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தான். இரண்டே எட்டில் வாசலுக்குப் போய்க் கதவை இழுத்துத் திறந்து, சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். அவர் அவனைப் பார்க்காமலே வெளியேறினார். அவன் கதவை விடவில்லை. வக்கீல்கள், நிருபர்கள், போலீஸ்காரர்கள் என்று ஒவ்வொருவராக அவன் பிடித்திருந்த கதவு வழியே போய்க்கொண்டே இருந்தார்கள்.